ஆளைக் கேட்காதீர்கள், பீரியடைக் கேளுங்கள்

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறும் கற்றல் குறைபாடு. "இவனுக்கு ஒரு ஷேடோ டீச்சர் போடுங்க மிஸ்" என்று, வகுப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவும் ஆளை மூன்றாம் வகுப்பு பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கேட்டேன். "ஆளையும் நீங்களே கூட்டிட்டு வாங்க, சம்பளமும் நீங்களே குடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மடிப்பாக்கம் வரை ஸ்கூட்டியில் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த முறை வேறு மாதிரி கேட்டேன், பாதி கிடைத்தது.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் பிள்ளையின் பையைத் திறந்து, எந்தப் பாடத்தில் எங்கே நின்றான் என்று எழுதுங்கள். என் மகன் போர்டைப் பார்த்து எழுதியதெல்லாம் பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கத்தில் 'மழைக்காலத்தில் தவ', அவ்வளவுதான். தவளை வருவதற்குள் போர்டை அழித்துவிட்டார்கள். அதே பதிலை வாயால் கேட்டால் கடகடவென்று சொல்வான். கூட்டல் வரும், வாக்கியக் கணக்கு என்றால் வாசிப்பதிலேயே நேரம் போய்விடும். பி.டி., டிராயிங்கில் யார் துணையும் வேண்டாம். ஆக, அவனுக்கு நாள் முழுக்கப் பக்கத்தில் ஆள் தேவையில்லை. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, இந்த மூன்று பீரியடில்தான் தேவை. 'ஆள் வேண்டும்' என்றால் பள்ளி உடனே பட்ஜெட் பேசும். 'இந்த மூன்று பீரியட்' என்றால் டைம்டேபிளை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்து, பிள்ளையைப் பரிசோதித்துத் தரும் ரிப்போர்ட். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது; இந்தக் குறைபாட்டுக்காகவே 1990களிலிருந்து இயங்குகிறது, அங்கே விசாரியுங்கள். யாரிடம் பரிசோதித்தாலும், 'கூடுதல் கவனம் தேவை' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். 'போர்டில் எழுதுவதை அச்சிட்ட தாளாகத் தரவும்', 'வாக்கியக் கணக்கை வாசித்துக் காட்டவும்' என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம் பள்ளிக்குக் கடிதம், ஒரு பக்கம் போதும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவது, அதற்கேற்ற முறையில் கற்பிப்பது, தேவையான தனிப்பட்ட ஆதரவு தருவது எல்லாம் அதில் வருகிறது; அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் அடக்கம். ஆனால் ஷேடோ டீச்சர் என்ற சொல் அதில் இல்லை, அந்தப் பெயரில் சண்டை போடாதீர்கள். ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் (ஸ்பெஷல் எஜுகேட்டர்) என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னதையும் ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸில் "வேண்டாமே மேடம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள்.

பேசப் போகும்போது கிளாஸ் மிஸ்ஸும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பிரின்சிபால் தலையாட்டினாலும் செய்யப்போவது கிளாஸ் மிஸ்தான், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு. அவரைக் குற்றவாளி மாதிரி உட்கார வைத்தால் காரியம் கெட்டது. வீடு வந்ததும், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்று அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். அதை முதல் நாளே சொல்லி மிரட்ட வேண்டாம்.

எங்களுக்கு அச்சிட்ட தாள் வருகிறது. இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். தமிழ் பீரியடுக்கு இன்னும் யாரும் வரவில்லை. அதற்கு இரண்டாவது நோட்டு போட்டிருக்கிறேன்.