ஹமொக்குக்கு மேல் தறப்பாள்: மழையில் நனையவைக்கும் தவறுகள்

கொழும்பில் ஹமொக், அதாவது இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில், வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோ தாங்கும், நுளம்பு வலை இருக்கிறதா, பைக்குள் சின்னதாக மடங்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். தறப்பாள் கடைசியாக, கையில் மிஞ்சின காசுக்கு வாங்கப்படுகிறது. அவிசாவளை தாண்டி கித்துல்கல பக்கம் ஒரு மழை இரவைக் கழித்தால் இந்த வரிசை பிழை என்று தெரிந்துவிடும். ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. மலைச்சரிவில் அது காற்றோடு சாய்ந்தும் வரும். ஹமொக் சுமாராக இருந்தால்கூட ஒருமாதிரித் தூங்கிவிடலாம். தறப்பாள் சரியில்லையென்றால் விடிய விடியக் குந்தியிருக்க வேண்டியதுதான். அதனால் முதலில் தறப்பாளைத் தெரிவு செய்யுங்கள், ஹமொக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அதிகம் பேர் கோட்டை விடுவது அளவில். 11 அடி ஹமொக்கைச் சரியான தொய்வோடு கட்டினால் இரண்டு நுனிகளுக்கும் இடையே ஏறக்குறைய 9 அடி இருக்கும். அதைப் பார்த்து 9 அடித் தறப்பாள் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். இரண்டு நுனியிலும் குறைந்தது 6 அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் நாட்டு மழைக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி, அதாவது தறப்பாளின் நடு உச்சியில் ஓடும் முகட்டு நீளம் 11 அடி என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

10க்கு 10 சதுரத் தறப்பாளை மூலைக்கு மூலை கட்டினால் 14 அடி நீளம் கிடைக்கும். கணக்கில் தாராளம்தான். ஆனால் அதன் பக்கங்கள் நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். ஹமொக்கில் நாம் நேராகப் படுப்பதில்லை, சற்றுக் குறுக்காகத்தான் படுக்கிறோம். தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் ஒதுங்கும். மறைப்பு குறைந்த இடமும் அதுவேதான். மழை குறைந்த மாதங்களில் சமாளிக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் மேற்குச் சரிவுகளுக்குப் போவதென்றால் செவ்வகத் தறப்பாள்தான் வேண்டும்.

அடுத்தது துணி. புறக்கோட்டையில் வாங்கும் நீலப் பொலித்தீன் தறப்பாள் தண்ணீரைத் தடுக்கும், அதில் குறையில்லை. பாரம் கூட, காற்றடித்தால் படபடவென்று சத்தம், அதைவிட முக்கியமாக ஓரத்தில் அடித்த உலோகக் கண்கள் பிய்ந்து வந்துவிடும். அது மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் அந்தக் கண்களை நம்ப வேண்டாம். ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே ஒரு உருண்டைக் கூழாங்கல்லை வைத்து, துணியை அதன்மேல் சுற்றிப் பிடித்து, கல்லுக்குப் பின்னால் கழுத்துப் போல ஒடுங்கும் இடத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இழுவை முழுவதும் கல்லைச் சுற்றிப் பரவும், எளிதில் கிழியாது.

காசு செலவழிக்கத் தயாரென்றால் பொலியெஸ்டரைப் பாருங்கள். சிலிக்கோன் பூசிய நைலோன் இலேசானது, உறுதியானது, ஆனால் நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நடுச்சாமத்தில் தொய்ந்து முகத்துக்குக் கிட்ட வந்துவிடும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. நீர் தாங்கும் அளவு, அதாவது துணி ஒழுகாமல் தாங்கும் நீர்நிரலின் உயரம், 1500 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். நடுவில் தையல் இருந்தால் அதன்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எத்தனையோ நல்ல துணிகள் தையல் ஓட்டையால்தான் ஒழுகுகின்றன.

சரி, கட்டும் விஷயத்துக்கு வருவோம். ஹமொக்கை மரத்தோடு பிணைக்கும் பட்டியிலேயே தறப்பாளையும் சேர்த்துக் கட்டக்கூடாது. நீங்கள் ஏறியதும் பட்டி இழுபட்டு இறங்கும், தறப்பாளும் கூடவே தொய்யும். தனிக் கயிறு கட்டி, பட்டிக்கு மேலே ஏற்றுங்கள். அப்புறம் ஒருமுறை ஹமொக்கில் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு உயரத்தைத் திருத்துங்கள். வெறும் ஹமொக்கை வைத்து உயரம் பார்க்கிறவர்கள் தறப்பாளை அளவுக்கு மிஞ்சி உயர்த்திவிடுவார்கள். படுத்ததும் உடம்பு கீழே போய்விடும், சாய்ந்த மழை நேராக உள்ளே வரும். சமைக்கும்போது ஒரு பக்கத்தை உயர்த்தி வைத்தாலும், படுக்கப் போகுமுன் இரண்டு பக்கமும் தாழ இறக்குங்கள். காற்று அடிக்கும் பக்கத்தை இன்னும் தாழ்வாக, நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள்.

தறப்பாள் சொட்டும் ஒழுகாமலே முதுகு நனைவதும் உண்டு. மரத்தண்டில் வழியும் தண்ணீர் பட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். பட்டி சாய்வது ஹமொக்கை நோக்கித்தானே, நேராகத் துணிக்குள் வந்து, உடம்பின் பாரத்தால் பள்ளமாகும் இடத்தில் தேங்கும். இதற்குப் பழைய பருத்திச் சப்பாத்துக் கயிறு ஒன்று போதும். ஒவ்வொரு பட்டியிலும் ஹமொக்கின் நுனிக்குச் சற்று வெளியே, ஆனால் தறப்பாளின் நிழலுக்குள்ளேயே அதை இறுக்கிக் கட்டி, நுனியைக் கீழே தொங்கவிடுங்கள். பட்டியில் வரும் தண்ணீர் அந்தக் கயிற்றில் இறங்கி நிலத்தில் சொட்டிவிடும். கயிற்றைத் தறப்பாளுக்கு வெளியே கட்டினால் பயனில்லை, அதற்கு உள்ளே இருக்கும் பட்டியில் மறுபடி மழை படும். தறப்பாளின் முகட்டுக் கயிறு துணிக்கு அடியால் ஓடுகிறதென்றால் அதற்கும் இரண்டு பக்கமும் இப்படி ஒன்று வேண்டும்.

தறப்பாளின் ஓரக் கயிறுகளை நிலத்தோடு பிணைக்கும் முளைகளைச் செங்குத்தாக அடிக்காமல், தலை தறப்பாளுக்கு மறுபக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். ஊறிய மண்ணில் குட்டை முளை நிற்காது, மேலே ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள்.

இடம் பார்க்கும்போது அண்ணாந்து பாருங்கள். தென்னையில் கட்டவே வேண்டாம், விழும் தேங்காய்க்குத் தறப்பாள் ஒரு தடையே இல்லை. பட்ட கிளை இருக்கும் எந்த மரமும் அப்படித்தான். இறப்பர் மரம் பிறருடைய பிழைப்பு, அதன் பட்டையை நசுக்காதீர்கள். கித்துல்கலவில் களனி கங்கைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை மணல் ஆசைகாட்டும். மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, தண்ணீர் திறந்துவிட்டால் மழையில்லாமலே ஆறு உயரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். தறப்பாள் மின்னலைத் தடுக்காது, தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தையும் மேட்டு முகட்டையும் தவிர்த்துவிடுங்கள். மலைநாட்டுக்குப் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தறப்பாளைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைக் கட்டி, புறப்படும்போது கடைசியாகக் கழற்றினால் மழையிலும் மற்றச் சாமான்கள் காய்ந்தே இருக்கும். ஈரத்தோடு மடித்ததைத் தனிப் பையில் போடுங்கள். கொழும்பு வந்து சேர்ந்த அன்றே பல்கனியில், நேர் வெயில் படாமல் விரித்துக் காயவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரமாகச் சுருட்டி வைத்த தறப்பாளில் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் புகாமலிருக்கத் துணியில் பூசிய பொலியூரித்தேன் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும். அதற்குப் பிறகு எப்படிக் கட்டினாலும் அது ஒழுகத்தான் செய்யும்.