ஹீட் பம்ப்: தண்ணீர்ச் சூட்டைக் குறைத்தேன், பில் இறங்கியது

இங்கிலாந்தின் லீட்ஸில் எங்கள் வீட்டைச் சூடாக்கிவந்த கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போட்டோம். முதல் குளிர்காலமே கரண்ட் பில் எகிறியது. மெஷினில் பழுது இல்லை. வெளியே எந்தக் குளிராக இருந்தாலும் ரேடியேட்டருக்கு (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) 55 டிகிரித் தண்ணீர் போகும்படி செட் செய்துவிட்டுப் போயிருந்தார்கள், பொருத்தியவர்கள்.

ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்து வருகிறது. தண்ணீர் சூடாக ஆக கம்ப்ரஸருக்கு உழைப்பு கூடும். 35 டிகிரியில் 1 யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 4 யூனிட் வெப்பம் தரும் மெஷின், 55 டிகிரியில் 3-க்கும் கீழே இறங்கிவிடும். காசு போனது அங்கேதான்.

கன்ட்ரோலரில் 'வெதர் காம்பன்சேஷன்', அதாவது வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் வசதியை, ஆன் செய்தேன். வெளியே 15 டிகிரி என்றால் தண்ணீர் 28, மைனஸ் 3 என்றால் 45. நடுவில் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ரேடியேட்டர் வால்வுகளை முழுக்கத் திறந்து வைத்தேன். தொட்டுப் பார்த்த அம்மா, "என்னப்பா, வெதுவெதுன்னுதானே இருக்கு?" என்றார். ஹாலில் 20 டிகிரி நின்றது.

அப்புறம் நேரத்துக்கு ஒரு விலை என்ற டாரிஃப் (மின்கட்டணத் திட்டம்). மாலை 4 முதல் 7 வரை விலை அதிகம். அதற்கு முன்பே வீட்டை 1 டிகிரி கூட்டிவிட்டு அந்த மூன்று மணி நேரம் குறைக்கும்படி ஆப்பில் அமைத்தேன். குளிக்கும் தண்ணீர் விடியற்காலையில் சூடாகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா கிருமியைக் கொல்ல வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீர் 60 டிகிரிக்குப் போவதை மட்டும் தொடாதீர்கள்.

அளவை மாற்றினால் ஒவ்வொரு டிகிரியாக மாற்றி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வீடு மெதுவாகத்தான் பதில் சொல்லும்.