ஸ்வீடன் திகில் நாவலையும் அதன் படத்தையும் சேர்த்து அணுகுவது எப்படி?

ஸ்காண்டிநேவியத் திகில் நாவல்களை அவற்றின் திரைவடிவங்களோடு சேர்த்துப் படிக்க விரும்பும் பெங்களூர்த் தமிழ் வாசகர், சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பதையெல்லாம் வாங்கிக் குவிக்காமல், ஒரே ஒரு நாவலோடு தொடங்க வேண்டும். என் தேர்வு, யோன் ஐவிடே லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய 'லெட் த ரைட் ஒன் இன்'. தோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008இல் இயக்கிய படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் நாவலாசிரியரே. ஆகவே படத்தில் இல்லாத ஒவ்வொன்றையும், எழுதியவரே பங்கேற்று எடுத்த முடிவாகக் கருதி ஆராயலாம்.

நாவலை முதலில் முழுமையாகப் படியுங்கள். ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் மட்டுமே நடக்கும் பகுதிகளை அத்தியாயவாரியாக ஒரு தாளில் குறித்து வையுங்கள். படம் சிரமப்படப் போவது அங்கேதான். நாவல், ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெர்க்குக்குக் கடந்த காலமே இல்லை, ஒரு தேவாலயம்கூட இல்லை என்று சொல்லித் தொடங்குகிறது. நம் லேஅவுட்டுகளில் வீடுகள் எழும்பும்போதே பிள்ளையார் கோயிலும் எழும்பிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த வெறுமை எவ்வளவு அச்சமூட்டுவது என்பது சட்டென விளங்கும். படத்தில் இந்த முன்னுரை இல்லை. ஒரே மாதிரியான குடியிருப்புகளும் பனியும் அந்த வேலையைச் செய்கின்றன. அந்தப் பனிக்காகவே படத்தின் பெரும்பகுதியை வடக்கே லூலியோ நகரில் எடுத்தார்கள்.

அடுத்து, பாத்திரங்களைக் கவனியுங்கள். நாவலில் கணிசமான இடம்பெறும் டாமி என்ற பதின்வயதுப் பையன் படத்தில் இல்லவே இல்லை. கதையின் மையமான, குழந்தை உருவில் இருக்கும் இரத்தக்காட்டேரி 'எலி'யோடு (Eli) வசிக்கும் ஹோகன் என்ற மனிதரின் மனத்துக்குள் நாவல் நம்மை அழைத்துச் செல்கிறது. படமோ அவரை ஏறக்குறைய ஊமையாக்கி, அவர் யார் என்பதை நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. இந்த மௌனத்தைப் படத்தின் மிகப் பெரிய வெற்றியாகவே நான் கருதுகிறேன்.

ஆங்கில டப்பிங்கைத் தவிர்த்து, ஸ்வீடிஷ் ஒலியோடு சப்டைட்டிலில் பாருங்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான டிவிடியில் வசனங்களை மிகவும் எளிமைப்படுத்தியிருந்ததால் ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு திரையரங்கில் காட்டிய சப்டைட்டிலோடு புதிய பதிப்பு வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் திரையரங்கு வடிவத்தையே எடுங்கள். கதையை நியூ மெக்சிகோவுக்கு மாற்றிய 2010ஆம் ஆண்டின் அமெரிக்கப் படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

துப்பறியும் கதைகளுக்கு இந்த வரிசை இன்னும் கட்டாயமாகிறது. குற்றவாளி யார் என்பதைத் திரையில் பார்த்துவிட்டால் அறுநூறு பக்கம் படிக்கும் ஆவல் குறைந்துவிடும். ஸ்டீக் லார்சனின் 2005ஆம் ஆண்டு நாவலை ஆங்கிலத்தில் 'த கேர்ள் வித் த டிராகன் டாட்டூ' என்று அறிவோம். ஸ்வீடிஷில் அதன் பெயர் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. அதன் ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஒரு புள்ளிவிவரம் வருவதால், மூலத் தலைப்பை மனத்தில் இருத்திப் படித்தால்தான் நூலின் கோபம் பிடிபடும். மர்மத்தின் மையத்தில் இருக்கும் வாங்கர் குடும்பத்தின் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த ஸ்வீடிஷ் படத்தைப் பார்த்த பிறகு, டேவிட் ஃபின்சரின் 2011ஆம் ஆண்டுப் படத்துக்குச் செல்லுங்கள். மர்மத்தின் விடையில் ஃபின்சர் ஒரு விவரத்தை மாற்றியிருக்கிறார். அதைக் கண்டுகொண்டதும் நாவலின் கடைசிப் பகுதியை மறுபடி திறந்து, அந்த மாற்றத்தால் எந்தெந்தக் காட்சிகள் தேவையற்றுப் போயின என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.