சென்னையில் காரைக் குறைத்துக்கொள்ள ஒரு வழிமுறை

முதலில், ஒரு வாரம் கார் எங்கெல்லாம் போகிறது என்பதைத் தூரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பால், மருந்து, பள்ளி என இரண்டு கிலோமீட்டருக்குள் முடிகிற பயணங்களையே முதலில் நிறுத்த வேண்டும். ஏனெனில் சூடேறாத எஞ்சின் கூடுதல் எரிபொருளைக் குடிப்பதோடு, புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியும் அந்தச் சிறு தூரத்தில் முழுமையாக வேலை செய்யத் தொடங்குவதில்லை. இவற்றுக்கு நடையும் மிதிவண்டியும் போதும்.

அலுவலகப் பயணத்துக்கு ரயிலை முதுகெலும்பாக வைத்துத் திட்டமிடுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. 2015இல் தொடங்கிய மெட்ரோவுக்குக் கிண்டி, எழும்பூர், பரங்கிமலை ஆகிய இடங்களில் அதிலிருந்து மாறிக்கொள்ளலாம். நாள்தோறும் செல்பவர்கள் புறநகர் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால், வரிசையில் நிற்கும் நேரமும் செலவும் குறையும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை என்பதால், வீட்டிலிருந்து நிலையம் வரையிலான பகுதியை அவர்கள் செலவின்றிக் கடக்கலாம்.

உண்மையில் பலரைக் காருக்குத் திரும்ப வைப்பது வெயிலும் உடைந்த நடைபாதையுமே. இவற்றைப் பொருட்படுத்தாமல் அறிவுரை சொல்வது நியாயமல்ல. ஆகவே மரநிழலுள்ள உள்தெருக்களை முன்கூட்டியே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குடையும் தண்ணீரும் பையிலேயே இருக்கட்டும். முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் கனமழை நாட்களுக்கும் காரையோ ஆட்டோவையோ தயங்காமல் பயன்படுத்துங்கள்.