தூக்கம் வராதவர்கள் சீக்கிரம் படுக்கக் கூடாது: ஒரு நோட்டும் பேனாவும் வைத்துச் செய்யும் முறை

ராத்திரி ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். நேற்று தூங்காததை இன்று ஈடுகட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. பதினொன்று அடிக்கும், பன்னிரண்டு அடிக்கும், தெருநாய்கள் ஒரு சுற்றுக் குரைத்து ஓயும். சில நாள் நாலு மணிக்கு மேல்தான் கண் அசரும்; ஆறரைக்கு அலாரம். இப்படியே இரண்டு வருஷம். "சூடா பால் குடி", "கசகசா அரைச்சுக் குடி", "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று சொல்லாத ஆள் இல்லை. பாலால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் என் தப்பு அந்த ஒன்பதரை மணியில் இருந்தது.

அதைத் திருத்தும் முறைக்கு சிபிடி-ஐ (CBT-I) என்று பெயர்: தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் நினைப்புகளையும் மாற்றும் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையை விட இதைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் நாமே வீட்டில் செய்யக்கூடிய பகுதிதான் இங்கே.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் இது உங்களுக்கு. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு முட்டி விழிப்பதும் உண்டென்றால், வலிப்பு அல்லது இருதுருவ மனநோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்தால், கர்ப்பமாக இருந்தால், லாரி, பஸ் ஓட்டுபவரென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

பழைய டைரி போதும். தினமும் காலையில் நாலே விஷயம்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், நடுவில் எவ்வளவு நேரம் விழித்துக் கிடந்தீர்கள், எத்தனை மணிக்குப் பாயை விட்டு எழுந்தீர்கள். ராத்திரியில் மணி பார்க்க வேண்டாம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், செல்போனை அடுத்த அறையில் போடுங்கள். உத்தேசக் கணக்கே போதும். "இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு" என்ற நினைப்பே மிச்சத் தூக்கத்தையும் விரட்டிவிடும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

என் முதல் வாரம்: பத்து மணியிலிருந்து காலை ஆறரை வரை படுக்கையில், அதாவது 8½ மணி நேரம் (நோட்டில் எழுதத் தொடங்கியபோது ஒன்பதரையைப் பத்தாக்கியிருந்தேன்). தூங்கியது சராசரி 5½. ஐந்தரையை எட்டரையால் வகுத்து நூறால் பெருக்கினால் 65 சதவீதம். 85-க்கு மேல் இருந்தால் நல்லது. மிச்சம் 3 மணி நேரம் நான் படுக்கையில் என்ன செய்தேன்? புரண்டேன், கவலைப்பட்டேன். தினமும் அதையே செய்தால் படுக்கையைக் கண்டாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஹாலில் டிவி பார்க்கும்போது கண் சொக்கும், அறைக்குள் போய்ப் படுத்ததும் பளிச்சென்று விழிக்கும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

படி 3: நேரத்தைக் குறையுங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்ட வழி இது. எவ்வளவு தூங்குகிறீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் மட்டுமே படுக்கை. ஆனால் 5 மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

முதலில் எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள். எனக்குத் தண்ணீர் விடும் நேரம், ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமையும் அதே ஐந்தரைதான். அங்கிருந்து 6 மணி நேரம் (நான் தூங்கிய 5½-ஐ விடச் சற்றுக் கூடுதல்) பின்னால் எண்ணினால் ராத்திரி பதினொன்றரை. அதற்கு முன் தலை சாய்க்கக் கூடாது.

முதல் பத்து நாள் கொடுமை, மறைக்க மாட்டேன். ஒன்பது மணிக்கே கண் எரியும். நான் நின்றுகொண்டே துணி மடித்தேன். பகலில் அசதி இருக்கும், அந்த நாட்களில் இருசக்கர வண்டியை எடுக்காதீர்கள். இந்த அசதிதான் மருந்து. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும்.

படி 4: வராவிட்டால் எழுந்துவிடுங்கள்

இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இல் சொன்ன யோசனை. சுமார் கால் மணி நேரம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது செய்யுங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள். மறுபடி வரவில்லையா, மறுபடி எழ வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் "வேறு அறைக்குப் போ" என்று சுலபமாக எழுதிவிடும். ஒரே ஹாலில் நாலு பேர் படுக்கும் வீட்டில் எங்கே போவது? பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். தூக்கம் வந்தால்தான் பாய் விரிய வேண்டும். கட்டிலை விட இதற்குப் பாயே வசதி என்பேன். அதே பாயில் சாப்பிடுவது, ரீல்ஸ் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

படி 5: பகல்

காபியிலுள்ள கஃபீன் அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நாலு மணி டிகாக்ஷன் ஒன்பது மணிக்கும் பாதி பாக்கி. மதியத்தோடு நிறுத்துங்கள், டீயும் கணக்கில் சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு குட்டித் தூக்கம் இந்த வாரங்களில் கிடையாது.

படி 6: வாரா வாரம் கூட்டுங்கள்

ஏழு நாள் கணக்கு 85-ஐத் தாண்டினால் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். 80-க்கும் 85-க்கும் நடுவில் என்றால் அப்படியே விடுங்கள். 80-க்குக் கீழே என்றால் கால் மணி நேரம் குறையுங்கள், அந்த 5 மணி எல்லை மட்டும் நினைவிருக்கட்டும். எனக்கு ஏழாவது வாரத்தில் பத்தே முக்காலுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவதில் வந்து நின்றது. எட்டு மணி நேரமெல்லாம் வரவில்லை, பகலில் தலை சுற்றாமல் இருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாத வாரம் என்று பழைய கதை திரும்பும். மறுநாள் சீக்கிரம் படுக்கத்தான் கை பரபரக்கும். படுக்காதீர்கள், ஐந்தரைக்கே எழுங்கள். நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு இதுவரை இரண்டு தடவை திரும்பவும் தேவைப்பட்டது.