18 வயசுப் பையனை என்ஹெச்எல்ல எப்படி இறக்கணும்

என்ஹெச்எல்ங்கிறது வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக். அதுல டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வரிசையா இளம் பிளேயர்களைத் தேர்ந்தெடுக்கிறதுல, எடுத்த பையன் எப்பதான் ஆடுவான்னு அக்டோபர் வந்தாலே எல்லாரும் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. நீங்கதான் கோச்னு வெச்சுக்குங்க, என்ன பண்ணணும்னு சொல்றேன்.

மொதல்ல 9 கேம் கணக்கு. 18, 19 வயசுல கான்ட்ராக்ட் போட்ட பையன் அந்த சீசன்ல 10 கேமுக்குக் கம்மியா ஆடினா அந்த வருஷம் கணக்குல வராம அவனோட 3 வருஷ கான்ட்ராக்ட் ஒரு வருஷம் தள்ளிப் போயிடும், அதனால 9 கேம் வரைக்கும் நீங்க தாராளமா பாக்கலாம். ஆனா கோல் போட்டானான்னு பாக்காதீங்க. ஓரத்துல ரெண்டு பேர் வந்து நெருக்கும்போது பக்கை, அதாவது கோலுக்குள்ள அடிக்கிற ரப்பர் வட்டை, விட்டுடுறானா, எதிர் டீம் திருப்பி அடிச்சா நம்ம கோல் பக்கம் ஓடி வர்றானா, இதத்தான் பாக்கணும்.

எங்க இறக்குறதுன்னா, ஹோம் கேம்ல. ஆட்டம் நின்னு மறுபடி ஆரம்பிக்கும்போது வெளியூர் டீம்தான் முதல்ல ஆளை அனுப்பணும், அதுக்கப்புறம்தான் நம்ம டீம். எதிர்ல அவங்க பெஸ்ட் லைன், அதாவது சேர்ந்தே இறங்குற முன்வரிசை மூணு பேர், வந்து நிக்குதா, பையன் பெஞ்ச்லயே இருக்கட்டும். அவங்க மூணாவது லைன் வருது, நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை ஆரம்பிக்கிற ஃபேஸ்-ஆஃபும் அவங்க கோல் பக்கம்தான்னா உடனே அனுப்புங்க, கூடவே ஒரு சீனியரையும் போடுங்க. ஒரு கேமுக்கு 10, 12 நிமிஷம், பவர் ப்ளேல, அதாவது எதிர் டீம் ஆள் பெனால்டில வெளிய இருக்கும்போது, இறங்குற ரெண்டாவது யூனிட்ல ஒரு இடம், ஆரம்பத்துல இது போதும். ஒண்ணு ரெண்டு கேம் ஆட விடாம மேல கேலரில உக்காந்து பாக்க வைக்கிறது நல்லதுதான், ஆனா வாரக்கணக்கா உக்கார வெச்சா அந்த வயசுல கை காலெல்லாம் மரத்துப் போயிடும்ங்க, அதுக்கு அவனோட பழைய லீக்குக்கோ கீழ் லீக்குக்கோ திருப்பி அனுப்புறதே மேல்.

அனுப்பினா அசிங்கம்னு நினைக்காதீங்க. லியோன் டிரைசைட்டில் 2014 டிராஃப்ட்ல மூணாவது ஆளு, எட்மன்டனுக்கு 37 கேம்ல 2 கோல்தான், ஜூனியர் லீக்குக்கே அனுப்பிட்டாங்க, கெலோனா டீமுக்குப் போய் கனடா ஜூனியர் சாம்பியன்ஷிப்பான மெமோரியல் கப்ல பெஸ்ட் பிளேயர் ஆனார், 2020ல என்ஹெச்எல்லோட சிறந்த பிளேயருக்கான ஹார்ட் டிராஃபி. கனடா ஜூனியர் லீக்ல இருந்து வந்த 18 வயசுப் பையனை ஏஹெச்எல்லுக்கு, அதாவது என்ஹெச்எல்லுக்கு அடுத்த கீழ் லீக்குக்கு, அனுப்ப ரூல் விடாது, ஐரோப்பால இருந்து வந்தவனை அனுப்பலாம். டெட்ராய்ட் டீம் மோரிட்ஸ் சைடரை அப்படித்தான் ஒரு சீசன் ஏஹெச்எல்ல, அடுத்தது ஸ்வீடன்ல ஆட விட்டாங்க, 2021-22ல 82 கேமும் ஆடி சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபி வாங்கினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதான்.

கடைசியா வீடு. சீசனுக்கு முன்னாடி டிரெய்னிங் கேம்ப் நடக்கும்போதே சீனியர் யாராவது வீட்டுல பேசி வெச்சிடுங்க, 18 வயசுல தெரியாத ஊர்ல தனி ஃபிளாட்ல விட்டுடாதீங்க. 2024 டிராஃப்ட்ல முதல் ஆளா சான் ஹோசே டீம் எடுத்த மேக்லின் செலிப்ரினி முதல் சீசன்ல தங்கினது அந்த டீமோட பழைய சீனியர் ஜோ தார்ன்டன் வீட்டுல. தார்ன்டனும் 1997 டிராஃப்ட்ல அதே மாதிரி முதல் ஆளா வந்து, முதல் சீசன்ல 55 கேம் ஆடி 3 கோல் மட்டும் போட்டவர்.