ஆன்டிவைரஸின் கையில் எத்தனை சாவி? வீட்டுக் கணினியை நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் பெரியம்மாவின் மடிக்கணினி தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுவதும் மிரட்டிக்கொண்டே இருந்தது. திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பும், "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அறிவிக்கும், மறையும், மறுபடி எழும்பும். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன் தம்பி, பிறகும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது?" என்று கேட்டார்.

உட்கார்ந்து பார்த்தபோது கணினிக்குள் இரண்டு காவல்காரர்கள் இருந்தார்கள். கடையிலிருந்து வரும்போதே பதிந்து வந்த ஆன்டிவைரஸ் ஒன்று, பேரப்பிள்ளை எங்கிருந்தோ இறக்கி வைத்த இலவச ஆன்டிவைரஸ் இன்னொன்று. சிவப்புப் பெட்டியோ இரண்டுக்கும் சொந்தமில்லை. அதை அனுப்பியது ஒரு சமையல் குறிப்புத் தளம்.

அன்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். விண்டோஸ் 11-ஐ வைத்து விளக்குகிறேன். விண்டோஸ் 10-இலும் பெரும்பாலும் இதே வழிதான். ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் எந்த ஆன்டிவைரஸ் என்று யோசிப்பதற்கு முன் விண்டோஸைக் கவனிப்பது நல்லது. மெனுப் பெயர்களை உங்கள் திரையில் தெரியும் ஒலிப்பிலேயே தருகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. வைரஸைத் தேட வேண்டுமானால் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்தாக வேண்டும். அதனால் ஆன்டிவைரஸுக்கு விண்டோஸ் மிக உயர்ந்த அனுமதியைத் தருகிறது. வீட்டின் எல்லாச் சாவிகளும் அதன் இடுப்பில் தொங்குகின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையாலேயே செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. அது அலுவலகங்களுக்கான மென்பொருள்தான். ஆனால் வீட்டு ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருப்பதும் ஏறக்குறைய அதே நாற்காலியில்.

படி 1: யார் காவலில் இருக்கிறார்?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டச்சு செய்து திறங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்துக்குப் போய், 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்ற இணைப்பை அழுத்துங்கள். பதிந்திருக்கும் ஆன்டிவைரஸ்களின் பெயர்களும், எது இயங்குகிறது, எது தூங்குகிறது என்பதும் அங்கே தெரியும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியம்மா வீட்டில் எழுதியது இது: கடையின் ஆன்டிவைரஸ், காலாவதி. இலவசம், இயங்குகிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், அணைந்திருக்கிறது. வேறோர் ஆன்டிவைரஸ் பொறுப்பேற்றால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

படி 2: மிரட்டும் பெட்டி யாருடையது?

எச்சரிக்கை வந்ததும் அதை அழுத்தாமல், பெட்டியில் உள்ள சிறிய எழுத்தை மட்டும் படியுங்கள். உண்மையான ஆன்டிவைரஸ் என்றால் அதன் பெயர் இருக்கும். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் கூடவே ஓர் இணைய முகவரியும் இருந்தால், அது ஏதோ ஒரு தளம் உலாவி வழியாக அனுப்பும் அறிவிப்பு. என்றோ ஒருநாள் அந்தத் தளத்தில் 'அலவ்' பொத்தானை நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

குரோமில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்குங்கள். பெரியம்மாவின் பட்டியலில் 17 தளங்கள் இருந்தன. நீக்கிய கணமே சிவப்புப் பெட்டி நின்றது. அதை அழுத்தியிருந்தால், காலாவதியான ஆன்டிவைரஸைப் "புதுப்பிக்க" வங்கி அட்டை எண்ணைக் கேட்டிருப்பார்கள்.

படி 3: காவல்காரருக்குச் சம்பளம் தருவது யார்?

நீங்கள் தரவில்லை என்றால் வேறு யாரோ தருகிறார்கள். இதற்கு, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட்டின் கதை ஒன்றே போதும். 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் என்ற இரண்டு ஊடகங்கள் சேர்ந்து துருவியபோது ஒரு செய்தி வெளிவந்தது. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற பதிவைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது. அதே மாதம் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டுக்கு 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் அபராதம் விதித்து, உலாவல் தகவலை விளம்பரத்துக்கு விற்கவும் தடை போட்டது.

"பெயரை நீக்கிவிட்டுத்தானே விற்கிறோம்" என்பது இத்தகைய நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பெயர் இல்லாவிட்டால் என்ன? ஒவ்வொரு சொடுக்கும் எப்போது நடந்தது என்ற நேரமும், கணினிக்கென்று ஓர் அடையாள எண்ணும் இருந்தால் போதும். நீங்கள் இரவு 10 மணி 21 நிமிடம் 8 விநாடிக்கு ஓர் இணையக் கடையில் பிரஷர் குக்கர் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த விநாடியில் வாங்கியது யார் என்று கடைக்குத் தெரியும். விற்கப்பட்ட பதிவில் அதே விநாடியைத் தேடினால் உங்கள் கணினியின் எண் கிடைக்கும். அதன்பின் நீங்கள் படித்த மருத்துவப் பக்கங்கள், பார்த்த வேலை விளம்பரங்கள் எல்லாம் உங்கள் பெயருக்கு நேரே வந்து நிற்கும்.

இன்னொன்று: 'அவாஸ்ட் வேண்டாம், ஏவிஜிக்கு மாறுகிறேன்' என்பவர்கள் கவனிக்க வேண்டும். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரே புளோக்கில் மாடி மாறுவதைப்போலத்தான். இந்த நிறுவனங்கள் இன்றும் தகவலை விற்கின்றன என்று நான் சொல்லவில்லை. உரிமையாளர் யார் என்று பார்த்துவிட்டு மாறுங்கள் என்கிறேன். உரிமையாளர் மாறும்போது உங்களைக் கேட்பார்கள் என்றும் நம்ப வேண்டாம். ரஷ்ய ஆன்டிவைரஸான காஸ்பர்ஸ்கிக்கு அமெரிக்கா தடை விதித்த பிறகு, 2024 செப்டம்பரில் அங்கிருந்த பலர் கணினியைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி போய், அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் தானாகவே பதிந்திருந்தது.

படி 4: உறையைப் பிரிப்பவர் யார்?

எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

வங்கித் தளத்துக்கோ மின்னஞ்சலுக்கோ நீங்கள் போகும்போது, போக்குவரத்து முழுவதும் முத்திரையிட்ட உறைக்குள் செல்கிறது. சில ஆன்டிவைரஸ்கள் 'உள்ளே வைரஸ் இருக்கிறதா பார்க்கிறேன்' என்று அந்த உறையை வழியிலேயே பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி உங்களிடம் தருகின்றன. கீழ்த்தளத் தபால் பெட்டியருகே நின்று உங்கள் கடிதங்களை ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டு மேலே அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடே செய்யலாம். ஆனால் மறுபடி ஒட்டும்போது அவருடைய முத்திரையைத்தான் குத்த முடியும். அதில்தான் அகப்பட்டுக்கொள்வார்.

குரோமில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறங்கள். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறிய குறியை அழுத்தி, 'கனெக்‌ஷன் இஸ் செக்யூர்', பிறகு 'சர்டிஃபிகேட் இஸ் வேலிட்' என்பதை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் 'இஷ்யூட் பை' என்ற பகுதியைப் பாருங்கள். டிஜிசெர்ட், லெட்ஸ் என்க்ரிப்ட், கூகல் டிரஸ்ட் சர்வீசஸ், குளோபல்சைன் போன்ற பெயர் இருந்தால் உறை பிரிக்கப்படவில்லை. உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அது வழியில் பிரித்துப் படிக்கிறது.

ஒரு தளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வங்கித் தளங்களை மட்டும் தொடாமல் விட்டுவிடும் மென்பொருள்களும் உண்டு. மின்னஞ்சல், செய்தி, கடை என்று மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். பெரியம்மாவின் கணினியில் வங்கிக்குச் சரியான முத்திரை இருந்தது. செய்தித் தளத்தில் இலவச ஆன்டிவைரஸின் பெயர் இருந்தது. அதன் செட்டிங்ஸுக்குள் 'எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' என்ற தேர்வைத் தேடி அணைத்து, தளத்தை மறுபடி திறந்ததும் பழைய முத்திரை வந்துவிட்டது. ஆன்டிவைரஸ் உலாவியில் சேர்த்துவிடும் நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்) அப்படியே நீக்கிவிடுங்கள். அவாஸ்ட்டின் நீட்சிகளைத்தான் 2019 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா தன் பட்டியலிலிருந்து தூக்கியது.

படி 5: ஒருவர் போதும்

என் தீர்ப்பு: இணையம், மின்னஞ்சல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று பயன்படுத்தும் வீட்டுக்கு டிஃபெண்டர் போதும். மைக்ரோசாஃப்ட் தகவல் சேகரிக்காத புனிதர் என்பதால் அல்ல. விண்டோஸ் பயன்படுத்தும் வரை அந்த நிறுவனத்தை எப்படியும் நம்பித்தான் ஆக வேண்டும். நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையை இரண்டாக்குவானேன்? மேக் வைத்திருப்பவர்களுக்கும் எக்ஸ்புரொடெக்ட் என்ற காவல் உள்ளேயே இருக்கிறது.

மற்றவற்றை விண்டோஸின் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' வழியாக ஒவ்வொன்றாக நீக்குங்கள். நடுவில் "போகாதீர்கள், பாதி விலை" என்று கெஞ்சும் திரை வரும், கடந்து செல்லுங்கள். எச்சம் மீதியிருந்தால், அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கணினியை மறுபடி தொடங்கியதும் படி 1-க்குத் திரும்பி, டிஃபெண்டர் விழித்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்.

படி 6: டிஃபெண்டருக்கும் எல்லை போடுங்கள்

'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்', 'டேம்பர் புரொடெக்‌ஷன்' இரண்டும் இயங்கட்டும். 'கிளவுட்-டெலிவர்டு புரொடெக்‌ஷன்' கோப்பு பற்றிய விவரங்களை மைக்ரோசாஃப்ட்டின் கணினிகளோடு ஒப்பிடுகிறது. புது வைரஸ்களைப் பிடிக்க அது தேவை என்பதால் நான் அணைப்பதில்லை.

'ஆட்டோமேட்டிக் சாம்பிள் சப்மிஷன்' வேறு விஷயம். சந்தேகத்துக்குரிய கோப்பையே அது அனுப்பிவிடும். சொந்தத் தகவல் இருக்கக்கூடிய கோப்பு என்றால் முதலில் உங்களைக் கேட்கும் என்கிறது மைக்ரோசாஃப்ட். வீட்டில் வைத்து வாடிக்கையாளர் கணக்கு எழுதுபவர்கள் இதை அணைத்துவிடலாம். மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வரும், பயப்பட வேண்டாம். அதோடு, விண்டோஸின் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' செட்டிங்ஸில் 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்' பகுதிக்குப் போய், விருப்பத்தின்பேரில் தரும் தகவலை நிறுத்திவிடுங்கள்.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கோப்பில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். சம்பளச் சீட்டையும் கடப்பிதழ் நகலையும் அங்கே ஏற்றாதீர்கள்.

இத்தனை செய்தாலும், 2024-இல் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன 1.1 பில்லியன் வெள்ளியில் பெரும்பகுதியை எந்த ஆன்டிவைரஸும் தடுத்திருக்காது. பெரும்பாலானவர்கள் ஏமாந்து தங்கள் கையாலேயே அனுப்பிய பணம் அது. சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். பெரியம்மாவின் குளிர்பதனப் பெட்டியில் அந்த எண்ணை ஒட்டிவைத்தேன்.

கடைசியாக, கேட்டுப் பாருங்கள்

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது, கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தியது, யாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று கேட்கலாம். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் தகவல் பாதுகாப்பு அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள். நியாயமான கட்டணம் கேட்கலாம். 30 நாளுக்குள் தர முடியாவிட்டால் எப்போது தருவோம் என்றாவது சொல்ல வேண்டும்.

பெரியம்மாவின் பெயரில், காலாவதியான அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்து ஓர் அட்டவணை வந்தது. பெயர், மின்னஞ்சல், அட்டையின் கடைசி நான்கு எண்கள். அதற்குக் கீழே கணினி அவர்களோடு தொடர்புகொண்ட தேதிகளும் நேரங்களும், பக்கம் பக்கமாக: காலை 6.50, 6.52, 6.48. சாமி கும்பிட்டுவிட்டு, காப்பியோடு தமிழ் முரசு படிக்க அவர் கணினியைத் திறக்கும் நேரம் அது.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். "நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்பது இவர்களுக்கு எதற்கு?" என்றார். அன்றிரவே இரண்டாவது மின்னஞ்சலை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், கணக்கை மூடுங்கள்.